யு.கே.ஜி. ப்ளஸ்

மார்ச் 3, திங்கள்

மணி பதினொன்றே முக்கால். இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்புக் கேட்க இந்த நோட்டைத் தவிர வேறு ஆள் இல்லை. மகி தூங்கப் பத்தரை ஆனது. அத்தை அறையில் டிவி இப்போதுதான் நின்றது. வெயில் இப்போதே மே மாதம் மாதிரி. நல்ல தண்ணீர் இன்றும் வரவில்லை, ஒன்பதாவது நாள்.

மகியின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை. நாடு முழுவதும் அடிப்படைக் கல்வியை நீட்டுகிறார்களாம். முதல் வகுப்புக்கு முன்னால் இனி மூன்று வருஷம். இதுவரை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று இரண்டுதான். மார்ச் 31-க்குள் ஆறு வயது முடிந்தவர்களுக்கு மட்டும் முதல் வகுப்பு. மற்றவர்களுக்குப் புதிதாக ஒரு வகுப்பு. அதன் பெயர் யு.கே.ஜி. ப்ளஸ்.

மகி பிறந்தது ஏப்ரல் 2.

மூன்று முறை படித்தேன். தேதி மாறவில்லை.

இவருக்கு அனுப்பினேன். பம்ப் கம்பெனி வேலையாக ராஜ்கோட்டில். ஏப்ரல் பாதியில்தான் வருவார். பதிலாக ஒரு கட்டைவிரல் படம். எதற்குக் கட்டைவிரல்? படித்துவிட்டேன் என்றா, நல்லது என்றா?

மார்ச் 4, செவ்வாய்

பள்ளி வாசலில் இதே பேச்சு. ஆயிஷாவின் அம்மா சொன்னார்: “ப்ளஸ் டூ தெரியுமுங்க. யு.கே.ஜி. ப்ளஸ் இப்பத்தான் கேள்விப்படறேன்.” ஆயிஷா ஜனவரியில் பிறந்தவள். சிரிக்கலாம்.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா, பைக்கில் உட்கார்ந்தபடியே: “நாம மோட்டாருக்கு ஹெச்.பி. கூட்டறோம். இவிய கொழந்தைக்கு வருசத்தைக் கூட்டறாங்க. ரெண்டுக்கும் கரண்டு பில்லு நம்மளுதுதான்.”

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பதினொரு பேர் சிக்குகிறார்கள். சிக்கியவர்களில் நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்களின் அம்மாக்கள் என்னைவிட நிம்மதியாக இருப்பதாகத் தோன்றுகிறது. அவர்களுக்கு மாதக்கணக்கு. எனக்கு இரண்டு நாள்.

அத்தையிடம் சொன்னேன். “ஸ்கூல்ல சொல்லி மாத்திப்போடச் சொல்லு அம்மணி. எங்க காலத்துல வாத்தியாரு கொழந்தையைப் பார்ப்பாரு, ஒரு தேதி எழுதுவாரு. என்ற தேதி சூன் ஒன்னு. எங்க வளவுல பாதிப் பேருக்கு சூன் ஒன்னு.”

பிறப்புச் சான்றிதழில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி இருக்கிறது, ஸ்கேன் செய்தால் தேதி வந்துவிடும் என்று எடுத்துக் காட்டினேன். அத்தை புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மகிக்கு இன்னும் தெரியாது. அவளுக்கு முதல் வகுப்பு என்றால் மாடி. கீழே யு.கே.ஜி., கம்பிக்கதவு போட்டது. மாடியில் ஒன்றாம் வகுப்பு. படிக்கட்டில் ஓடாமல், கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுவதை எங்கள் மொட்டை மாடிப் படியில் இரண்டு மாதமாகப் பழகுகிறாள். இன்றும் பழகினாள். நான் எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது படி.

மார்ச் 6, வியாழன்

பிரின்சிபாலைப் பார்த்தேன். முக்கால் மணி நேரக் காத்திருப்பு. நீலச் சேலை, சாந்தமான குரல். சாந்தமான குரலில் ‘இல்லை’ என்று சொன்னால் சண்டையும் போட முடியாது.

“ரெண்டே நாளுங்க மேடம்.”

“ரெண்டு நாளோ, ரெண்டு மாசமோ, கம்ப்யூட்டர் எடுக்காதுங்கம்மா. ஏப்ரல் ஒன்னு வரைக்கும் சேர்த்துக்கலாம்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. ஒன்னாந்தேதி பொறந்த கொழந்தைக்கு முப்பத்தொன்னோட ஆறு முடிஞ்சுதுன்னு கணக்கு. உங்க பொண்ணு ஒரே ஒரு நாள் தாண்டிட்டா.”

ஒரு நாள். அதற்கப்புறம் அவர் சொன்னது பாதி காதில் விழவில்லை.

“இன்னொரு வருசம் விளையாடட்டுமே. பின்னாடி உங்களுக்கே புரியுமுங்க, கொழந்தைக்கு இது எவ்வளவு நல்லதுன்னு.”

விளையாடட்டும். அது நிஜமாக இருந்தால் நானே கையெழுத்துப் போடுவேன். ஐந்து வயதில் டிக்டேஷன், ஐந்து வயதில் பரீட்சை என்பதை நான் விரும்பியதே இல்லை. மேஜை மேல் புது வகுப்பின் புத்தகம் இருந்தது. புரட்டினேன். மகியின் யு.கே.ஜி. புத்தகமேதான். அட்டை மட்டும் புதிது. நடுப்பக்கத்தில் 6 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஐந்து ஆப்பிள். அது தப்பு என்று ஜூலையிலேயே மகி கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தப்பையும் அவள் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும்.

கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘பெற்றோராகிய எங்கள் விருப்பத்தின் பேரில் எங்கள் குழந்தை யு.கே.ஜி. ப்ளஸ் வகுப்பில் தொடர்கிறாள்.’ விருப்பத்தின் பேரில். அப்பா, அம்மா இரண்டு கையெழுத்தும் 14-ஆம் தேதி ஐந்து மணிக்குள். விருப்பம் இல்லையென்றால் டி.சி. விண்ணப்பம். அதற்கும் இரண்டு கையெழுத்து. அப்பா ஊரில் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பினால் போதும் என்றார் ஆபீஸ் அம்மா.

மார்ச் 7, வெள்ளி

அப்பா தாராபுரத்திலிருந்து வந்தார். பை நிறைய முருங்கைக்காய், மகிக்குத் தேன்மிட்டாய். விஷயம் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார். அதைச் சொல்லாமல் முருங்கைக்காயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அத்தை காபியை வைத்துவிட்டுச் சிரித்தபடியே ஆரம்பித்தார். “ஏனுங்க சம்பந்தி, நீங்க மட்டும் அன்னிக்கு ஜோசியரு ஊட்டுக்குப் போகாம இருந்திருந்தா கொழந்தை இந்நேரம் மாடிக்கு ரெடியாயிருக்குமுங்க.”

“ஆமாங்க. டாக்டரம்மா மார்ச் முப்பதுன்னாங்க. மாப்பிள்ளைக்குச் சந்திராஷ்டமமுன்னு நாந்தான் தள்ளிப்போட்டேன். என்ற தப்புதானுங்க.”

“தப்புன்னு சொல்லலீங்க. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.”

“இல்லீங்க, தப்புதான்.”

நான் அடுப்படியில் நின்றுகொண்டு குழாயைத் திறந்து மூடினேன். தண்ணீர் வரவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் என்று முடிவானதும் டாக்டர் சொன்னது மார்ச் 30. அப்பா ஜோசியரைப் பார்த்து எழுதி வாங்கி வந்த சீட்டில் இருந்தது ஏப்ரல் 1, காலை 7.40. ஏப்ரல் 2 என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். முட்டாள்கள் தினத்தில் பிறந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள், வருஷா வருஷம் அழுதுகொண்டு வரும் என்றேன். இவரிடம் மட்டும் சொன்னேன். சரி என்று கட்டைவிரலைத் தூக்கினார். அப்பாவிடம் டாக்டருக்கு அன்றைக்கு வேறு ஆபரேஷன் என்று பொய். டாக்டரிடம் வீட்டில் இரண்டாம் தேதிக்கு நாள் பார்த்தார்கள் என்று பொய்.

பள்ளியில் கேலி செய்யக் கூடாது என்றுதான் அந்த ஒரு நாள். இப்போது கூடப் படித்த இருபத்தேழு பேர் மாடிக்குப் போவார்கள். இவள் கீழே நின்று பார்ப்பாள்.

அப்பாவுக்கு அந்தச் சீட்டு மறந்திருக்காது. ஒன்றாம் தேதி என்று அவருக்குத் தெரியும். டாக்டர்தான் தள்ளினார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை நான் சொன்ன பொய் அன்றைக்கே அவருக்குப் பிடிபட்டுவிட்டதோ. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். காலி பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர் வந்தது, காலை நாலரைக்கு. எல்லாக் குடமும் நிரப்பினேன். தோள் வலி.

மகிக்குச் சொல்லியாயிற்று. நான் சொல்லவில்லை, ஆயிஷா சொல்லிவிட்டாள். மகி கேட்டது ஒன்றுதான்: “அம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?” ஒன்றும் இல்லை கண்ணு, பெரியவங்க ரூல் மாத்திட்டாங்க என்றேன். “அப்ப ஆயிஷாவுக்கு?” சாயங்காலம் மொட்டை மாடிப் படி ஏறிப் பழகவில்லை.

செய்ய வேண்டியவை: மாவு அரைக்க. மகி ஷூ, அளவு பத்து. கேஸ் புக் பண்ண. மாநகராட்சிப் பள்ளியில் கேட்க. அப்பாவுக்கு போன்.

மார்ச் 10, திங்கள்

மாநகராட்சிப் பள்ளிக்குப் போனேன். வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தவில்லை. இரண்டு கடை தள்ளி மருந்துக் கடை முன்னால் நிறுத்தினேன். தாராபுரத்தில் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து, எம்.எஸ்சி. கணிதம் முடித்தவள். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று வண்டியை ஒளித்து வைத்தேன்.

தலைமை ஆசிரியை வேப்ப மரத்தடியில் சத்துணவு முட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். “ஏப்ரல் ரெண்டா? எங்களுக்கு அஞ்சு முடிஞ்சாலே போதுமுங்க அம்மணி. உங்க கொழந்தைக்கு ஆறே முடியப்போவுது. ஜூன்ல கூட்டிட்டு வாங்க. நேரா ஒன்னாப்புதான்.”

“இங்க அந்தப் புது வகுப்பெல்லாம்...”

“அதெல்லாம் இங்க வரலீங்க. மேல சென்ட்ரலு, ஸ்டேட்டு ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும். நாங்க முட்டை எண்ணறோம்.” அப்புறம்தான் நிமிர்ந்தார். “வண்டியை உள்ளயே நிறுத்தலாமுங்களே. வெயில்ல எதுக்கு அங்க?”

பார்த்திருக்கிறார்.

ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் பீகார், ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், கரெக்டாக. ஆறு என்றால் ஆறு.

மாடி இல்லை. ஓட்டுக் கட்டடம், எல்லாமே தரையில்.

மார்ச் 12, புதன்

அத்தையிடம் சொன்னேன். “மாநகராட்சிப் பள்ளிக்கூடமா? ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் என்னன்னு சொல்லுவே? எங்க படிக்குதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க.”

“ஒன்னாவது படிக்குதுன்னு சொல்லலாமுங்க அத்தை.”

“ஒரு வருசம் போனாப் போவுது அம்மணி. உங்கப்பாரு பண்ணுன காரியத்துக்குக் கொழந்தையை எதுக்கு அங்க கொண்டு போயித் தள்ளறே?”

சொல்லிவிட்டேன். அப்பா குறித்தது ஏப்ரல் ஒன்று, முட்டாள்கள் தினம் வேண்டாமென்று ரெண்டுக்கு மாத்தியது நான், உங்கள் பையனுக்கும் தெரியும். அத்தை அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாக் காயையும் நறுக்கி முடித்துவிட்டு, “முட்டாள் தினமா. யாரு கண்டா இதையெல்லாம்” என்றார். தட்டோடு எழுந்துகொண்டே, “சம்பந்தி எதுக்கு அன்னிக்கு அப்படிச் சொன்னாரு?” இரவுச் சாப்பாட்டுக்கு அத்தை வரவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அப்பாவுக்கு போன் போட்டேன். “அப்பா, அந்த ஒன்னாந்தேதி...” என்று ஆரம்பித்ததுமே, “அது எதுக்குக் கண்ணு இப்போ. வெசனப்படாதே. வெச்சர்றேன், பஸ்ஸு வந்துருச்சு” என்றார். போனில் பின்னால் தாராபுரம் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

மார்ச் 13, வியாழன்

நாளை கடைசி நாள். மேஜை மேல் இரண்டு தாள். ‘விருப்பத்தின் பேரில்’ ஒன்று, டி.சி. ஒன்று. இவரிடம் நாலு நாளில் மூன்று முறை கேட்டாயிற்று. இரண்டு கட்டைவிரல், ஒரு ‘பார்க்கலாம்’.

சாயங்காலம் மகியை வண்டியில் வைத்து மாநகராட்சிப் பள்ளியைக் காட்டினேன். இந்த முறை வாசலிலேயே நிறுத்தினேன். கம்பி வழியாகப் பார்த்தாள். “மாடி எங்கம்மா?” இல்லை என்றேன். “அப்ப ஒன்னாவது எங்க இருக்கு?” கதவைக் காட்டினேன். யோசித்தாள். “கீழயே ஒன்னாவது வெச்சுருக்காங்களா?” ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் “என் ஷூ பத்தா, பதினொன்னா?” என்று கேட்டாள். இதை நல்லதாக எடுத்துக்கொள்வதா, தெரியவில்லை.

டி.சி. தாளில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். சரி என்று தெரிந்து போடவில்லை. போன தடவையும் சரி என்று நினைத்துத்தான் தேதி மாற்றினேன்.

இவருக்கு அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

ஏனுங்க, தூங்கியிருப்பீங்க. ரெண்டு தாளையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். டி.சி. தாள்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஏப்ரல் ஒன்னு வேண்டாம்னு சொன்னது நான், சரின்னது நீங்க. அத்தைகிட்ட அதைச் சொல்லியாச்சு, அப்பா தலையில இனி யாரும் போட வேண்டாம். ஒறம்பரை கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்களும் அதே தாள்ல கையெழுத்துப் போட்டு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுங்க. கட்டைவிரல் மட்டும் போடாதீங்க. சீக்கிரம் பதில் போடுங்க.