பழுப்பு மொய்த்த இடம்

இன்று மதியம் உன் மெழுகு பிளாக்கை மறுபடி சீவினோம். புதிதாக வந்த சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, மெழுகில் பதித்து வைத்த பழைய சதைத் துண்டுகளில் சிலவற்றை எடுத்தோம். அதில் ஒன்று உன்னுடையது. சூடான மெழுகு வாசனை எழுந்ததும், "வந்துட்டியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாயம் ஏறியதும், பெருகிக்கொண்டிருந்த செல்கள் எல்லாம் பழுப்பாகின. நீ போய் மூன்று வருடம். அவையோ இரண்டாகப் பிரிகிற அதே நிலையில் ஸ்லைடில் நிற்கின்றன.

பள்ளியில் நாம் ஒரே பெஞ்ச். பிறகு நான் டாக்டர், நீ அதே ஆய்வகத்தில் டெக்னீஷியன். தாமலிலிருந்து முதல் பஸ் பிடித்து, எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைப்பாய். உன் மார்பின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த சதையையும் வேறு யாரையும் தொடவிடாமல் நீயே சீவி, நீயே சாயம் போட்டாய். "எண்ணு" என்று ஸ்லைடை என் முன்னால் வைத்தாய்.

நூறு செல்லுக்கு எத்தனை பழுப்பு என்று எண்ண வேண்டும். கூடினால் கீமோ. பழுப்பு மொய்க்கிற இடத்தில் எண்ணுவதுதான் நம் ஆய்வகத்து வழக்கம். ஊருக்கெல்லாம் அப்படித்தான் எண்ணினேன். உனக்கு மட்டும் என் கை ஸ்லைடை ஓரத்துக்குத் தள்ளியது. அங்கே பழுப்பு குறைவு, அமைதியாக இருந்தது.

"எட்டுதான். கீமோ வேணாம்னுடுவாங்க," என்றேன். சொன்னபோது எனக்கே அது உண்மையாகப் பட்டது.

நீ என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாய். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, ஆளில்லாத தெருவுல போய் தலை எண்ணிக்கினு இருக்கே? கூட்டம் இங்க நிக்குதுமா. எண்ணு."

எண்ணினேன். நாற்பதைத் தாண்டியது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

கீமோ உனக்கு இரண்டு வருடம் கொடுத்தது. மகள் பரீட்சை எழுதிப் பாஸானதைப் பார்த்துவிட்டுப் போனாய். என் எட்டை நீ நம்பியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் தெரிந்தவர் பெயர் ஸ்லைடில் இருந்தால் என் கை ஓரத்துக்குத்தான் போகிறது. உடனே என் பிடரியில் யாரோ மூச்சு விடுகிறார்கள். நான் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போகிறேன். சரியான இடம் வந்ததும் அந்த மூச்சு நின்றுவிடுகிறது.