கர்னலின் காலும் கட்ஜோவின் கல்லறையும்

மே 2, திங்கட்கிழமை

என் அருமை மகள் யோலாண்டாவுக்கு அம்மா எழுதுவது,

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் மவுண்ட் ஹோரேப் சபைக் கூடத்தில் வந்திருந்தவர்கள்: நான், உன் அப்பா ஹெஸ்கையா, உன் சித்தப்பா டீக்கன் எஸ்ரா, புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் லெவாண், பெரிய வீட்டு மிஸ் அகஸ்டா பெலாமி, அவருடைய அண்ணன் மகன் ஹாலிஸ், ஹாலிஸின் நாய். நாயை எழுதாதே என்று உன் சித்தப்பா சொன்னார், வந்தது வந்ததுதானே என்று கல்லறைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன், ஆக ஆறு பேரும் ஒரு நாயும். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை முதலில் எழுதினேன். நீயும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், ஆங்கரேஜில் பனி விட்டதா? இங்கே கர்த்தருடைய கிருபையால் இருவரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதிதான் எழுத முடிகிறது. நான் சுகம். உன் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், போன் இருப்பதும் சமையலறையில், அவர் காது இருப்பதும் சமையலறையில், அதனால் எழுதுகிறேன்.

அவருடைய இருதய வால்வு ஆபரேஷனுக்குப் பத்தொன்பதாம் தேதி குறித்திருக்கிறார்கள், உனக்குத் தெரியும். போகமாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால் ஹாலிஸ் பெலாமியின் கொடி என்கிறார். நீ நர்ஸ், எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருப்பாய், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கொடியைக் காட்டி ஆபரேஷன் வேண்டாம் என்ற ஆளைப் பார்த்திருக்கிறாயா? நடந்தது இதுதான். நம் கல்லறைத் தோட்டத்தில் நாலாவது வரிசையில் கர்னல் பெலாமியின் கால் இருக்கிறது அல்லவா, கால் மட்டும், பெயர் வெட்டிய பளிங்குக் கல்லோடு. அதன் பக்கத்தில் கர்னலுக்கு அடிமையாக இருந்த, உன் அப்பாவின் பாட்டனுக்குப் பாட்டன் கட்ஜோ இருக்கிறார், முழு ஆள், கல் கிடையாது, மேலே சிப்பிகள் மட்டும். வருஷாவருஷம் மே பத்தாம் தேதி ஹாலிஸ் சேர்ந்திருக்கிற, பழைய சிப்பாய்களின் வாரிசுகள் சங்கத்து ஆட்கள் வந்து அந்தக் காலுக்கு மேலே அடிமைத்தனத்துக்காகச் சண்டை போட்ட பழைய தெற்குப் படையின் கொடியை நட்டு சல்யூட் அடித்துவிட்டுப் போவார்கள், நாமும் ஜன்னலை மூடிக்கொண்டு பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாடுவோம், அதோடு முடியும். நம் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் அரசு மாளிகை முன்னிருந்து அந்தக் கொடியை இறக்கியதிலிருந்து ஹாலிஸுக்கு வேகம் கூடிவிட்டது. இந்த வருஷம் கட்ஜோவுக்கும் ஒரு கொடி நடப்போகிறார்களாம். வெண்கலத் தகடும் செய்தாயிற்று, "விசுவாசமுள்ள சிப்பாய் கட்ஜோ பெலாமி" என்று.

கட்ஜோவை ஒட்டி இருக்கிற இடம் உன் அப்பாவுக்கு என்று அவரே பதினெட்டு வருஷத்துக்கு முன் குறித்து வைத்த இடம். அதனால் அவர் கணக்கு இப்படிப் போகிறது: "ஆபரேஷன்ல செத்தேன்னா நேரா அந்தக் கொடி நிழல்ல கொண்டுபோய் படுக்க வைப்பீங்க. பண்ணாம இருந்தா கொஞ்சம் மெதுவாத்தான் போவேன், அதுக்குள்ள கொடியைத் தடுத்துருவேன்." டாக்டர் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார், நான் என் கைப்பையைப் பார்த்தேன்.

கர்னலின் காலையே தோண்டி இடம் மாற்றிவிடலாம் என்று முதலில் நானும் எஸ்ராவும் கவுண்டி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் ஃபாரத்தை எடுத்து இறந்தவர் பெயர் கேட்டாள், கால் என்றோம். இறந்த தேதி கேட்டாள். கர்னல் கால் போன பிறகு முப்பத்தொரு வருஷம் உயிரோடு இருந்தார் என்றேன். "அப்ப இது இன்னும் சாகலைம்மா, சாகாததை நான் எப்படித் தோண்ட விடறது?" என்று ஃபாரத்தை உள்ளே வைத்துவிட்டாள். எஸ்ரா சிரித்துக்கொண்டே வந்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, வீட்டில் ஒருவர் மாத்திரையைப் பாதிதான் விழுங்குகிறார்.

அதனால்தான் சனிக்கிழமைக் கூட்டம். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடிக்கும் முன்பே ஹாலிஸ் எழுந்துவிட்டான். கட்ஜோ கர்னலோடு வர்ஜீனியாவுக்குப் போனார், அங்கே குண்டு பட்டுக் காலை வெட்டியதும் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நானூறு மைல் தனியாக வந்து சொந்த மண்ணில் புதைத்தார், இதைவிட விசுவாசம் உலகத்தில் உண்டா என்று கண் கலங்கவே பேசினான். பொய்யாகக் கலங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உன் அப்பா உட்கார்ந்தபடியே, "தம்பி, அவர் பொண்டாட்டி டாஃப்னி இங்க இருந்தா. அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாரு. எஜமான் எழுதிக் குடுத்த சீட்டு இல்லாம அடிமை ரோட்டுல நடக்க முடியுமா? நிறுத்தினவன்கிட்ட எல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினாரு, மூக்கைப் பொத்திக்கிட்டு விட்டுட்டான். உங்க கொள்ளுத்தாத்தா கால்தான்யா அவருக்கு சீட்டு" என்றார். ஹாலிஸ், "அது உங்க வீட்டுக் கதை சார், இது எங்க வீட்டுக் கதை" என்றான். "பெலாமிங்கற பேரை ஓடையிலேயே தலைமுழுகிட்டுப் போனவரு, சண்டை முடிஞ்சு ஃப்ரேசியராத்தான் இந்த ஊருக்குத் திரும்பி வந்தாரு. நீ திரும்ப அதையே வெண்கலத்துல அடிச்சு அவர் கழுத்துல கட்டறியா?" என்று இவர் கத்த, நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன், ரொம்ப வேகம்.

நம் ஆட்களும் ஒரே பக்கமாக இல்லை. உன் சித்தப்பா, "நட்டா நட்டுட்டுப் போறான் அண்ணே, நம்ம மெஷின் உடைஞ்சு நாலு வருஷமாச்சு, மொத்தத் தோட்டத்துக்கும் புல்லு வெட்டறது ஹாலிஸ்தான், கொடியைப் பிடுங்கினா புல்லை யார் பிடுங்கறது" என்றார். பாஸ்டர் நல்ல பிள்ளை, வயது போதாது, ஒரு பக்கம் அந்தக் கொடி, இன்னொரு பக்கம் நம் சபைக் கொடி, நடுவில் பூ என்றார். கட்ஜோ என்ன கல்யாண மேசையா என்று உன் அப்பா கேட்டதும் பாவம் உட்கார்ந்துவிட்டார். மிஸ் அகஸ்டாவுக்கு எண்பத்தொன்று, தொப்பியும் கையுறையுமாக வந்திருந்தார், "என்னைக் கேட்காதீங்க. அது எங்க தாத்தா மடியில கிடந்த துணி. எரிக்கவும் மனசு வரல, இப்பல்லாம் ஏத்தவும் கை வரல" என்று விசிறிக்கொண்டார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், சரித்திரம் எனக்குத் தெரியாது, ஆனால் இருபத்தாறு வருஷமாக அந்தத் தோட்டத்தின் பதிவேடு என் கையில், எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் எத்தனை அடி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் என்றேன். பெலாமி குடும்பத்துக் கல்லறை பெரிய வீட்டுப் பின்கதவிலிருந்து நாற்பது எட்டு நடந்தால் செங்கல் சுவருக்குள் இருக்கிறது. விசுவாசமுள்ள ஆள் அதைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து எங்கள் ஜனங்களைப் புதைக்கிற மண்ணில் அந்தக் காலை எதற்குப் புதைத்தார்? துக்கத்தில் வழி தெரிந்திருக்காது என்றான் ஹாலிஸ். அப்படியானால் நடந்து பார்ப்போம் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆவியானவர் சொல்ல வைத்திருப்பார்.

அன்னையர் தினத்துக்காகச் சபைக் குளிர்பெட்டியில் வைத்திருந்த புகைபோட்ட பன்றித்தொடை பதினான்கு பவுண்டு. அதைத்தான் கர்னலின் கால் என்று வைத்துக்கொண்டோம். முழங்காலுக்குக் கீழே உள்ள எடைக்கு அது போதாது, கர்னல் நன்றாகச் சாப்பிட்டவர் என்று எஸ்ரா சொன்னதால் ஐந்து பவுண்டு சர்க்கரைப் பையும் சேர்த்து ஒரு சோடாப் பெட்டியில் வைத்து ஹாலிஸ் தோளில் ஏற்றினோம். எல்லோரும் பெரிய வீட்டுக்குப் போய் பின்கதவிலிருந்து தொடங்கினோம். ஹாலிஸ் முன்னால், நான் பக்கத்தில் எட்டுகளை எண்ணிக்கொண்டு, பின்னால் எஸ்ரா, பன்றித்தொடையின் வாசனைக்கு நாய். பாஸ்டர் வண்டியை ஊர்ந்து ஓட்ட, அதில் உன் அப்பாவும் மிஸ் அகஸ்டாவும், இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. வெயில் என்றால் அப்படி வெயில். சரியாக நாற்பத்தோராவது எட்டில் செங்கல் சுவர் பக்கத்தில் ஹாலிஸ் பெட்டியை இறக்கி நெற்றியைத் துடைத்து, "அம்மாடி, எவன் இதை இன்னும் ஒரு மைல் தூக்குவான்? இங்கேயே புதைச்சுடலாமே" என்றான்.

நாய் பெட்டியை நக்கியது. மிஸ் அகஸ்டா ஜன்னலை இறக்கி, "ஹாலிஸ், இப்ப சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு" என்றார். அவன் முகம் தக்காளி மாதிரி ஆனது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கால் இருக்கும் இடம் வரை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு எட்டு. அங்கிருந்து ஓடைக்கரை அறுபத்தொன்று. ஓடி வந்த அடிமைகளை ஏற்றிக்கொண்ட வடக்குப் படையின் படகுகள் அந்த வருஷம் அந்த ஓடை முகத்தில்தான் நின்றன, அது அவர்கள் சங்கத்துப் புத்தகத்திலேயே இருக்கிறது, ஹாலிஸே ஒரு தடவை நம் சபையில் வாசித்திருக்கிறான். அவன் அந்தக் கரையில் பெட்டியை இறக்கி வைத்துத் தண்ணீரைப் பார்த்தான். அப்புறம், "நான் ஒத்துக்கலை மிஸஸ் ஃப்ரேசியர். ஆனா தகட்டை இந்த வருஷம் வைக்கலை" என்றான். "வருஷத்தை விடு. அதை உருக்கு" என்றார் மிஸ் அகஸ்டா வண்டியிலிருந்தபடி. கட்ஜோவுக்கு என்று ஹாலிஸ் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருந்த கொடியை வாங்கிச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலுக்கு உரிய கொடியைப் பற்றி யாரும் முடிவு சொல்லவில்லை, அது வரும் பத்தாம் தேதி தெரியும். கொடி வந்தாலும் வராவிட்டாலும் புல் வெட்டுவேன் என்றான் ஹாலிஸ், அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பன்றித்தொடையில் ஒரு ஓரம் நாய்க்குப் போய்விட்டது, மீதியைக் கழுவி வேகவைத்துத் தக்காளி போட்ட சிவப்புச் சோறும் வெண்டைக்காயுமாக எல்லோரும் சாப்பிட்டோம்.

இனி ஆபரேஷனுக்குத் தடையில்லை என்று ஸ்தோத்திரம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா, கட்ஜோவுக்கு நாமே ஒரு கல் வைக்காமல் எப்படிப் போவது என்றார். சரி, கல்லுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். எழுத்து எந்த மாதிரி என்றார். மத்தியானம் தக்காளிச் செடிக்கு யார் தண்ணீர் விடுவது என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஓடைக்கரையில் நாங்கள் நின்றபோது பாஸ்டர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார், நான் தண்ணீர்ப் புட்டி எடுக்கத் திரும்பி வந்தேன். உன் அப்பா மிஸ் அகஸ்டாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு மூன்று வருஷத்துக்கு முன் இதே ஆபரேஷன் நடந்திருக்கிறது, எனக்கே தெரியாது. "மயக்க மருந்து குடுக்கறப்ப பயமா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டார் உன் அப்பா. "செத்துருவேன்னு நெனச்சேன் ஹெஸ்கையா. கையைப் பிடிக்க ஒருத்தரும் இல்லை, நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார் அவர். இவர் தலையை ஆட்டினார். நாற்பத்தெட்டு வருஷம் நான் சமைத்துப் போட்டவர், பயம் என்ற வார்த்தையை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, பெலாமி வீட்டு அம்மாளிடம் சொல்கிறார். கொஞ்சம் கோபம் வந்தது, ஜெபம் பண்ணினேன், போய்விட்டது. கொடியைத் தோற்கடித்துவிட்டோம், இனி சண்டை போட அவருக்கு ஆள் இல்லை, பயம் மட்டும்தான் மிச்சம்.

நான் கேட்டால் மறுப்பார். நீ மகள், அதிலும் நர்ஸ். அந்த அறைக்குள்ளே என்னென்ன நடக்கும், எத்தனை மணி நேரம், கண் விழிக்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவர் பேருக்கே எழுது. நான் சொல்லித்தான் எழுதுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. முடிந்தால் வா. வேலை விடாது என்றால் தெரியும், வருத்தப்பட மாட்டேன், ஆனால் முடிந்தால் வா.

சின்னவனுக்கு இருமல் விடவில்லை என்றாயே, நெஞ்சுக்குத் தைலம் தடவி சாக்ஸ் போட்டுப் படுக்க வை. உன் வீட்டு முன்படியில் பனி வழுக்கும், உப்புப் போடாமல் இறங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளால் தொடுகிற ஒவ்வொரு நோயாளிக்கும் சுகம் தருவாராக, உன் பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும்.

தேதி பத்தொன்பது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

உன் அம்மா,
வெர்டெல் ஃப்ரேசியர்