அம்மா காலுக்கு ஏற்ற பிரேக் பேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம். நானும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் விடவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் போனை வைத்துவிடுவேன், அதனால் எழுதித்தான் ஆகவேண்டும் என்கிறாள். சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை என் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுக்கப் போகிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அடித்துப் பிடித்துக் கிளம்பி வந்து நிற்காதே, இங்கே வந்து நீ செய்ய ஒன்றுமில்லை.

எல்லாம் நம் சிவப்புக் காரில் ஆரம்பித்த வினை. உன்னைவிட மூத்த வண்டி, இரண்டு சீட்டு, மூன்றாவதாக உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் உன் அம்மா வருவாள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அதன் பிரேக் எனக்குச் சரியாகவே இல்லை. மிதிக்கிறேன், நிற்கிறது, ஆனால் மிதித்த உணர்வே இல்லை, தலையணையை மிதிப்பதுபோல இருந்தது. ஒருநாள் தள்ளிப் போய் நிற்கும், இன்னொரு நாள் முகம் கண்ணாடியில் இடிக்கிற மாதிரி நிற்கும். ஆயுசு முழுக்க ஊரார் வண்டிக்கெல்லாம் பிரேக் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர். ஆயிலை மாற்றினேன், ஹோஸை மாற்றினேன், டிஸ்க்கைத் தேய்த்து மினுக்கினேன், கடைசியில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, இருப்பதிலேயே கெட்டியானதாகப் பார்த்து அனுப்பு என்று உன் உயிரை வாங்கினேன். நீ பந்தயக்காரர்கள் போடுகிற பேடை அனுப்பினாய். அது சூடு ஏறினால்தான் கடிக்கும், காலையில் பால் வாங்கப் போகிற வண்டிக்கு ஆகாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாட்டினேன். மாட்டும்போது பேடைப் பிடித்திருக்கும் கம்பி ஒன்று, கொண்டை ஊசி மாதிரி வளைந்திருக்கும், அது காணாமல் போய்விட்டது. ஷெட் முழுக்க டார்ச் அடித்துத் தேடினேன், உன் அம்மாவையும் குனிய வைத்துத் தேட வைத்தேன். கிடைக்கவில்லை. பழைய டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டேன்.

மறுநாள் தெருமுனையில் வண்டி நிற்காமல் போய்க் குப்பைத்தொட்டியில் இடித்தது. நல்லவேளை, யாரும் குறுக்கே இல்லை. பேடையும் அதை விற்றவனையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டினேன். அப்படியும் தலையணைதான். அந்த வாரக் கடைசியில் உன் அம்மா வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் இதென்ன ஷெட்டிலிருந்து சமையலறை வரைக்கும் சிவப்பாக, ஆயிலா என்று கேட்டாள். ஆயில் இவ்வளவு சிவப்பாக இருக்காது என்று அவளுக்கே பாடம் எடுத்தேன், பார். அவள் என்னை உட்கார வைத்து, நான் வீட்டுக்குள்ளும் போட்டுத் திரிகிற ஷெட் ஷூவைக் கழற்றினாள். கம்பி உள்ளே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடிய அதே கம்பி, உள்ளங்காலில் முழுசாக இறங்கி, சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது. அத்தனை நாளும் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஊசியால் குத்துவேன், குத்தும்போது சொல்லுங்கள் என்றார். நானும் எப்போது குத்துவார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். குத்தி முடித்துவிட்டேன், கண்ணைத் திறங்கள் என்றார். சர்க்கரை காலைத் தின்றிருக்கிறது பாப்பா. பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை, செத்துவிட்டது என்று நான் தீர்ப்பு எழுதிய பழைய பேடில்கூடப் பாதி சதை அப்படியே இருந்தது. நான் வண்டியைப் பிரித்துப் பார்த்த நேரத்தில் ஒருமுறை காலைப் பார்த்திருக்கலாம். மருந்து கொடுத்தும் கறுப்பு மேலே ஏறிக்கொண்டே வருகிறது, அதனால்தான் வியாழக்கிழமை. பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், இதை அவள் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவாள் என்றும் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். வண்டியை விற்றுவிடலாம் என்றேன். அதற்கு உன் அம்மா, உங்களுக்குக் கால்தானே போகிறது, எனக்கு இருக்கிறதே என்றாள். கட்டுப் பிரிக்க வாரா வாரம் ஆஸ்பத்திரி போக வேண்டும், அவளே ஓட்டுவாளாம். நேற்று தெருவில் ஓட்டிக் காட்டினாள். கியர் எல்லாம் அருமையாகப் போடுகிறாள், ஆனால் உனக்குத் தெரியும், இந்த வண்டிக்கு மிதியை லேசாக்குகிற எந்தச் சாமானும் கிடையாது, நான் முழு பலத்தோடு மிதித்த மிதி அது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டை விட்டு எழுந்து மிதிக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு இறக்கத்தில் வேறு போக வேண்டும். அதனால் இந்தத் தடவை பேடு எனக்காகப் பார்க்காதே. பந்தயம், கெட்டி, நாள்பட உழைக்கும் என்று யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. மெத்தென்று இருப்பதாக, குளிர்ந்திருக்கும்போதே கடிப்பதாகக் கேள். சீக்கிரம் தேயும், தேயட்டும். சக்கரமெல்லாம் கரித்தூளாக அப்பும், அதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே துடைத்துவிடுவேன். யார் ஓட்டுவது என்று கடையில் கேட்பார்கள், ஐம்பத்தொன்பது வயது அம்மா, கால் லேசு, பக்கத்துச் சீட்டில் நோயாளி இருப்பார் என்று சொல். மாட்டுவதை நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். திட்டு வாங்கப் போவது யார் என்று நீயே யோசித்துக்கொள்.

நீ அனுப்பியதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்து உட்காராதே. அப்படி நினைத்தால் எனக்கு இந்தக் கால் போவதைவிட அதுதான் பெரிய வலி, அந்த வலி மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டிக்குத் தாத்தா கால் எங்கே என்று கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளி. உங்கள் குடும்பம் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என் ரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது. சர்க்கரை பார்த்துக்கொள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைத் தொட்டுப் பார், தொட்டது தெரிகிறதா என்று பார். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா

(தட்டிவிட்டுப் போடு பாப்பா. படித்துவிட்டேன். அம்மா.)