அத்தை குடிக்காத தேத்தண்ணீர்

ஒக்டோபர் 14, 2024

ஒரு வழியாக முடிந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், வீட்டோடு சேர்ந்த முதல் கக்கூஸ் எங்களுடையது. அதிலும் உட்காரும் கொமட். வெள்ளை வெளேரென்று அது நிற்கிற அழகில் வீட்டில் மிச்சமெல்லாம் பழசாகத் தெரிகிறது.

பதுளையிலிருந்து வந்து கட்டித் தந்த மேசன் முன்ஸிப் பாஸ், போகும்போது கைப்பிடியை அமுக்கிக் காட்டினார். ஒரே இழுப்பில் போனது. பக்கத்து வீட்டு ராசம்மாக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் குழி எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டார். நல்லதாக ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன.

நாளை மறுநாள் அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, ஒப்பரேஷன். இனிக் குந்தி உட்காரக் கூடாதாம். கீழே இருக்கிற பொதுக் கக்கூஸுக்குப் படியிறங்குவது நடக்காத காரியம். நல்ல நேரத்தில் முடிந்தது.

ஒக்டோபர் 16

அத்தை வந்துவிட்டார். வோக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கைப்பிடி அமுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும்.

“விதுஷா… இது போக மாட்டேங்குது.”

மலையில் எங்கள் பெரியாயி அத்தை பேசினால் கங்காணியே ஓர் எட்டுத் தள்ளித்தான் நிற்பார். அந்தக் குரல் இன்று எனக்கே பாதிதான் கேட்டது.

வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். அதுவும் இறங்கவில்லை. மேலே ஏறி நின்று, குளுக் குளுக்கென்று சத்தம் போட்டு, மனசில்லாமல் போனது. அத்தை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒக்டோபர் 17

இன்றும் வாளிதான். முன்ஸிப் பாஸ் பக்கத்தில் நின்றால்தான் ஒழுங்காக இறங்குமோ என்னவோ.

ஒக்டோபர் 20

ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை இல்லை. கொழும்பு ஹோட்டலில் வெங்காயம் உரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் ரஜீவ் வீடியோவில் சொல்லச் சொல்ல, இங்கே நான் செய்தேன். டாங்கி மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தை உயர்த்தினேன். சங்கிலியை இறுக்கினேன். கொமட்டின் ஓரத்து ஓட்டைகளைக் கம்பியால் குத்தினேன். நகம் உடைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

பாஸுக்குப் பேசினால், பெரகலயில் வேலையாம், தீபாவளி கழித்து வருவாராம். அதுவரை டாங்கியில் தண்ணீரைக் கூட்டி வைக்கட்டுமாம். கூட்டி வைத்துத்தானே பார்க்கிறேன், மனுஷா!

ஒக்டோபர் 23

இன்று அழுதேன். எழுதி வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

அத்தையின் கட்டில் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கூரைக்கு அடியில் ரோசாச் செடித் தொட்டி இருக்கிறது. அதில் எறும்பு மொய்த்தது. குனிந்து பார்த்தால் மண் முழுக்கத் தேயிலைச் சக்கை. சீனி போட்டு நான் கொடுக்கிற தேத்தண்ணீர் எல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. இரண்டு நாளாக உதடு வெடித்திருப்பதைப் பனி என்று நினைத்தேனே, எனக்குப் புத்தி எங்கே போனது?

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் கண்டு திரும்பவும் வார்டுக்குத்தான் வரவேண்டும் என்று நர்ஸ் மிஸ்ஸி அத்தனை தரம் சொல்லி அனுப்பினார். போய்ச் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டேன்.

அத்தை கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“குடிச்சா போகணும். போனா நீ வாளி தூக்கணும். எனக்கு அள்ளி ஊத்தவா நீ இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த?”

நான் பிள்ளை மடுவத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கழுவிவிடுகிறேன் என்று சொன்னேன். அவர்கள் பிள்ளைகள் என்றார்.

ஒக்டோபர் 24

காலையில் அரைக் கோப்பை. நான் பக்கத்திலேயே நின்றதால்.

ஒக்டோபர் 28

கண்டுபிடித்துவிட்டேன்!

பலகாரத்துக்கு வாங்கிய தேங்காய் எண்ணெயைப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். புனல் வாயில் இறுகிவிட்டது. எண்ணெய் இறங்காமல் மேலே நின்று, குளுக் குளுக். புனலை லேசாகத் தூக்கினேன், கடகடவென்று இறங்கியது. அப்படியே நின்றுவிட்டேன். இது அந்தச் சத்தமல்லவா? வாளியில் ஊற்றினாலும் இறங்கவில்லை என்றால் டாங்கியில் குற்றமில்லை. குழிக்குள் இருக்கிற காற்று வெளியே வர வழியில்லை!

கொல்லைப் பக்கம் ஓடினேன். குழியிலிருந்து கூரைக்கு மேலே போகிற காற்றுப் பைப்பின் தலையில் ஒரு பால்மா டின் கவிழ்த்து, பொலித்தீன் சுற்றி, டியூப் றப்பரால் கட்டியிருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த டின். ராசம்மாக்கா துளசி வைத்திருந்த டின்.

ஏணி வைத்து ஏறிப் பிடுங்கினேன். உள்ளே வந்து கைப்பிடியை அமுக்கினேன். ஒரே இழுப்பு.

மனுஷியைக் கேட்காமல் விடுவதில்லை. வாசலில் போய்க் கத்தினேன், வீடு பூட்டியிருக்கிறது. கொஸ்லந்தைக்குப் போய்விட்டாராம். வரட்டும்.

ஒக்டோபர் 29

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. “இன்னைக்குப் போகும், நாளைக்கு?” என்கிறார். அரைக் கோப்பைதான்.

ஒக்டோபர் 30

டின்னைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பேச வேண்டியதை எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ராசம்மாக்கா டின்னைப் பார்த்ததும், கழற்றிவிட்டாயா என்று பதறினார். பாஸ் போன அன்றே மகனை ஏற்றி மூடினாராம். ஒளிக்கவே இல்லை.

“கெடுதல் நெனச்சா மூடுனேன்? வானத்தப் பாத்து நிக்கிற பைப்பு. மழ பூரா உள்ள எறங்குது. குழிக்குக் கீழ நம்ம லயம். எங்கக்கா வீட்டுக்குப் பின்னாலயும் தண்ணி எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. யாரும் மூடல.”

அவருடைய அக்கா மீரியபெத்தவில் இருந்தவர். மலை சரிந்து லயமே மண்ணுக்குள் போய் நேற்றோடு பத்து வருஷம். உடல்கூடக் கிடைக்கவில்லை. விளக்கேற்றத்தான் கொஸ்லந்தைப் பக்கம் போயிருக்கிறார். மழைக்காலம் வந்தால் லயத்தைச் சுற்றிவந்து ஒவ்வோர் ஓட்டையாக மண் போட்டு அடைப்பாரே, அதைப் பார்த்து நாங்கள் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம்.

அந்தப் பைப்புக்குள் போகிற மழை ஒரு செம்புகூட வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குச் செம்பா கணக்கு? நான் யோசித்து வைத்த வரிசையை எல்லாம் விட்டுவிட்டு, அத்தை குடிக்காமல் கிடந்ததைச் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

பைப்பை மூடவும் முடியாது, திறந்தும் வைக்க முடியாது. திறந்து வைத்தால் மழை பெய்கிற போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தூங்க மாட்டாள். பஸ் ஏறப்போன ரஜீவுக்குப் பேசினேன். வளைவுப் பைப் இரண்டு வாங்கிவரச் சொன்னேன்.

ஒக்டோபர் 31, தீபாவளி

ரஜீவ் விடிய வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஏணியில் ஏறி, இரண்டு வளைவையும் பொருத்திப் பைப்பின் வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார், குடைப்பிடி மாதிரி. ராசம்மாக்கா கீழே இருந்து செம்பில் தண்ணீர் கொடுத்து, பைப்பின் தலையில் ஊற்றிக் காட்டச் சொன்னார். எல்லாம் வெளியே வழிந்தது. ரஜீவின் புதுச் சட்டை நனைந்தது. அக்கா திருப்தியில்லாமல் இன்னொரு செம்பு ஊற்றச் சொன்னார். பிறகு பச்சை டின்னை எடுத்துக்கொண்டு போனார், துளசிக்கு.

அத்தை காலையிலிருந்து மூன்று தரம் தானே போய்த் தானே கைப்பிடியை அமுக்கிவிட்டு வந்தார். மூன்றாவது தரம் சும்மாதான் போனார் என்று நினைக்கிறேன்.

முறுக்கோடு தேத்தண்ணீர் கொடுத்தேன். நான் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் பழைய பெரியாயியின் குரல், லயமே கேட்கிற மாதிரி:

“இன்னொரு கோப்ப ஊத்து. இதுல சீனியே இல்ல.”

ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே போய் ரோசாத் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது. இனிமேல் அதற்கும் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.