மேல்கோடு தாண்டிய ஆயில்

போன வாரம் நம் காரை பெரம்பலூரில் சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் புது சிந்தடிக் ஆயில் டப்பாவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நோண்டிவிட்டு வரும்போது உங்கள் கைலியில் அடிக்கும் அதே வாடை. அவர் இன்னொரு சின்னப் பாட்டிலையும் எடுத்துக் காட்டினார்.

“இந்த அடிட்டிவையும் சேத்து ஊத்திடலாம்க்கா. இஞ்சின் வெண்ண மாதிரி ஓடும்.”

“வேண்டாம் தம்பி, ஆயிலோட நிறுத்திக்கங்க” என்றேன். நானா இப்படிச் சொன்னேன்? நீங்கள் நம்பியே இருக்க மாட்டீர்கள்.

ரெட்டிபாளையம் ஆலையில் சிமெண்டைச் சோதித்துப் பார்க்கும் லேப் வேலை உங்களுக்கு. எதையும் அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கொள்வீர்கள். உங்கள் பெண்டாட்டி நானோ கண்ணளவுக்காரி. குழம்பு நன்றாக இருந்தாலும் இறக்கும்போது ஒரு சிட்டிகை பெருங்காயம் போடாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, திருச்சி டாக்டரிடம் போய்வரத் தொடங்கிய வருடம் அது. போகும்போது நீங்கள் ஓட்டுவீர்கள், திரும்பும்போது நான். ஒரு நாள் பாடாலூர் தாண்டியதும், காரின் பானட்டைத் திறந்துபோட்டு ஒரு குடும்பமே வெயிலில் நின்றதைப் பார்த்தேன். நம் வண்டியும் இப்படி நடுவழியில் நின்றால் உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்தப் பயம் என்னை விடவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு பாட்டில் அடிட்டிவ் வாங்கினேன். அடுத்த முறை கிளம்ப வேண்டிய காலையில், நீங்கள் எழுவதற்கு முன்பே முழுப் பாட்டிலையும் இஞ்சினில் ஊற்றிவிட்டேன்.

கிளம்புமுன் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்ப்பது உங்கள் வழக்கம் என்பதை மறந்துவிட்டேன் பாருங்கள்.

“ஏம்மா, ஆயில் ராத்திரி குட்டி போட்டுச்சா? மேல்கோட்டத் தாண்டி நிக்குது.”

ஒத்துக்கொண்டேன். சும்மா இல்லை, சண்டையோடுதான். “அந்த ஆயிலும் நல்லது, இதுவும் நல்லதுங்க. ரெண்டும் சேந்தா கெட்டாப் போயிடும்?”

“தேய்மானத்துக்கு, அழுக்குக்கு, சூட்டுக்குன்னு கம்பெனிக்காரனே எல்லாத்தையும் கணக்காக் கலந்துதான் டப்பாவுல அடைக்கிறான். நீ ஊத்துனது அதோட ஒத்துப்போகுமான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்க சிமெண்ட்டுல ஜிப்சம் கலக்கலன்னா தண்ணி பட்டதும் இறுகிடும். நல்லதுதானேன்னு மேல ரெண்டு கை போட்டா, கட்டுன செவுரு பின்னாடி வெடிச்சிடும்.”

“அப்புறம் எதுக்குக் கடையில விக்கிறான்?”

“ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு ஏதோ உதவலாம். அதுலயும் ஏன் குடிக்குதுன்னுதான் மொதல்ல பாக்கணும். மத்தபடி, உன்ன மாதிரி பயந்தவங்க வாங்கத்தான்.”

சிரித்தீர்கள். பிறகு டிப்ஸ்டிக்கைத் துணியால் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்: “மோர்ல என்ன கலக்குற?”

அரியலூரில் ஒரு சொந்தக்காரர் கொடுத்த பொடி அது. சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்றார். டாக்டர் தந்த மாத்திரைகளைக் கொடுத்துக்கொண்டே, பத்து நாளாக அதையும் உங்கள் மோரில் கலந்து கொடுத்துவந்தேன். தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். “அழாத. டாக்டர்கிட்ட சொல்லிடுவோம்” என்று மட்டும் சொன்னீர்கள். கூடுதல் ஆயிலோடு வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று பஸ்ஸில் போனோம்.

அங்கே நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். “தப்புப் பண்ணிட்டேன் சார். யாரோ சொன்னாங்கன்னு ஒரு பொடி வாங்கிக் குடிச்சிட்டேன்.”

டாக்டர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “படிச்ச ஆளு, லேப்ல வேல பாக்குறவரு. நீங்களே இப்படிப் பண்ணலாமா? நான் குடுத்த மருந்து பத்தலன்னு உங்களுக்கு யார் சொன்னது?” நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டீர்கள். நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“உன்னத் திட்டியிருந்தா, நாளைக்கு எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கவே உனக்குக் கை நடுங்கும்.”

அந்தப் பொடியால் பெரிய கெடுதல் ஒன்றும் ஆகவில்லை என்று டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள். மூன்று வருடமும் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன், மேற்கொண்டு எதையும் கலக்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போதும் மனசு சும்மா இருப்பதில்லை. சென்னைக்குக் கூட்டிப் போயிருக்கலாமோ, இன்னொரு டாக்டரைப் பார்த்திருக்கலாமோ என்று எதையாவது சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறது. போதுமான அளவு செய்தேனா என்று சொல்ல நீங்கள்தான் இல்லை.

டாக்டரின் அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது. அதற்காக உங்களிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். சிரியுங்களேன்.