ரேடியேட்டரில் உளுந்தம்பொட்டு

ஏப்ரல் 3, வியாழன்

காலையிலேயே தீயாய் வெயில். ஸ்கூலுக்குப் போகும்போது அய்யம்பேட்டை தாண்டியதும் காரில் சூடு காட்டும் முள் சிவப்பில். பானெட்டிலிருந்து ஆவி. ஓரங்கட்டிவிட்டுப் பஸ். பரீட்சை ட்யூட்டிக்கு லேட். ஹெச்.எம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மெக்கானிக். தண்ணீர் குறையவில்லை. ஹோஸில் ஒழுக்கு இல்லை. ஃபேன் சுற்றுகிறது. “வாட்டர் பம்ப்பா இருக்கும்மா. திங்கக்கெழம கழட்டிப் பாத்துடலாம்.” நின்று நின்று, ஆறவைத்து வீடு வந்தாயிற்று.

வாசலில் மாமனார்: “நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு? பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்.” பக்கத்தில் கொழுந்தன் ஜான்சன், பானெட்டைத் தடவிக்கொண்டு. அந்தச் சாவி மேல் அவனுக்கு எப்பவும் ஒரு கண்.

நாளை வெள்ளி. குவைத்திலிருந்து அவர் போன் வரும். போன மாதமே சொல்லிவிட்டார், வண்டிக்கு ஏதாவது ஆனால் சாவி தம்பிக்கு என்று. லைசென்ஸ் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று பரீட்சை இல்லை, லீவு. ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

தண்ணீர் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, பிறகு ஏன் சூடு? காற்று போகவில்லையோ? முன்பக்கக் கம்பிக்குள் டார்ச் அடித்தேன். ரேடியேட்டர் முழுக்க உளுந்தம்பொட்டு. காய்ந்த தோலும் இலைத்தூளும் அப்பிக்கொண்டு.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாமாதான் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பினார். “கார் சும்மாதான நிக்குது? இது மேல நாலு நடை ஏத்தி எறக்கும்மா, உளுந்து உதுந்துடும். டிராக்டருக்கு ஏன் தண்டம்?” வெயிலில் முன்னும் பின்னும் ஓட்டினேன். ஃபேன் அத்தனையையும் உள்ளே இழுத்திருக்கிறது.

பிரஷ், ஹோஸ் தண்ணீர், தலையெல்லாம் தூசி. பாபநாசம் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு கை பொட்டை அள்ளிப்போய் மாமாவிடம் காட்டினேன். பார்த்தார். “அதான் சரியாயிடுச்சுல்ல?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் போன். முதலில் எடுத்தது மாமா. “தண்ணி பாக்காம ஓட்டியிருக்குப்பா. நல்லவேளை, இன்ஜின் தப்பிச்சுது.” நான் பக்கத்திலேயே நிற்கிறேன்! கூசவே இல்லை மனுஷனுக்கு.

வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர்: “அப்பா மேல பழி போடாத ஸ்டெல்லா. சாவிய தம்பிகிட்ட குடு.” வைத்துவிட்டார். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

தலைவலி. பிரசங்கம்: தவக்காலத்தில் கோபத்தை விடுங்கள். சாமியாருக்கு மாமனார் கிடையாது.

கொடுத்துவிட்டேன் சாவியை. கையில் கொடுக்க மனசில்லை. டிவி மேல் வைத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் ஜான்சன் கார் துடைத்துக்கொண்டிருந்தான். “அண்ணி, பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுடவா?”

மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டான். இடது பக்கக் கதவை.