படுக்கைச் சீட்டில் எழுதிய பேர்

அன்புள்ளவளே என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். அடியே என்று ஆரம்பித்தால் கடிதத்துக்கு லட்சணமில்லை. பேரைச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்றால், உன் பேரை இனி எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லைங் தாயாவில் தொழிற்சாலைக்காரர்களுக்கான கிளினிக்கில், வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல ஃபாரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசி, இருமிக்கொண்டே நின்றாள். காப்பீட்டு அட்டை எங்கே என்று கேட்டதும் தோள்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தாள். ஆரஞ்சு நிறம். குளிர்தேசத்துக் கோட்டுகளுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற வழவழப்பான துணி. ஓரத்தில் இரட்டைத் தையல், வாயில் ஒரே ஒரு பொத்தான். அவளைக் கேட்காமலே வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டேன். தையல் மெஷின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க தையல் லைன்ல முன்னாடி இருந்த ஒரு பெரியம்மா தைச்சதாம். எங்க அக்கா வேலையை விட்டப்போ எனக்குக் குடுத்தா" என்று பர்மியில் சொன்னாள். அந்தப் பெரியம்மாவின் பேர் என்ன என்று கேட்டேன். உன் பர்மியப் பேரைச் சொன்னாள். உன்னைப் பார்க்காத பிள்ளை, எவ்வளவு சரியாகச் சொல்கிறாள்! அதற்குப் பிறகு இரண்டு ஃபாரத்தைத் தப்பும் தவறுமாக எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நம் இருவருக்கும் இரண்டு இரண்டு பேர். அலோனில் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த நம் சந்தில் எல்லாருக்கும் அப்படித்தான். வீட்டில் கூப்பிடத் தமிழில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு ஸயாமா, டீச்சரம்மா, பர்மியில் வைத்தது ஒன்று. நம் அப்பாமார் மூட்டை தூக்கிய இடத்தில் அவர்களுக்கும் அப்படியே. பள்ளிக்கூடப் பேர்தான் அடையாள அட்டையில் ஏறும். ஆனால் சந்துக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பேரைச் சொல்லித் தேடி வருகிற தபால்காரனுக்கு ஒருத்தருக்கும் வழி சொல்லத் தெரியாது. எத்தனை கடிதம் அப்படித் திரும்பிப் போயிருக்கிறது! அப்போதெல்லாம் அது நமக்கு ஒரு வேடிக்கை.

நான் கல்யாணமாகித் தாமுவேக்குப் போய் நகல் கடை வைத்தேன். நீ தையல் வேலைக்குப் போனாய். விடியும் முன்னே 'ஃபெரி' என்று எல்லாரும் சொல்கிற தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி ஆற்றைத் தாண்டிப் போவாய். உன் வீட்டுக்காரர் தவறிய பிறகும், மகள் மலேசியாவுக்கு வேலைக்குப் போன பிறகும் அந்த பஸ்ஸை நீ விடவில்லை. லைன் சூப்பர்வைசர் ஆனாய். சம்பளத்தில் மாசாமாசம் காப்பீட்டுக்கென்று பிடிக்கிறார்களே, அதைப் பற்றி மற்றவர்கள் முணுமுணுத்தபோது நீ ஒருத்திதான் விதிமுறைப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தாய். பர்மியச் சட்ட வார்த்தைகளை நான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல, நீ கடலை கொறித்துக்கொண்டே கேட்டாய்.

"பிடிக்கிறது பிடிக்கட்டும்டி. குடுக்க வேண்டியதக் குடுக்கணும்ல? கேக்கத் தெரியாதவளுக்கு எவன் குடுப்பான்?"

அதிலிருந்து உனக்கு அதே வேலை. கிராமத்திலிருந்து வந்து எட்டுப் பேர் ஒரே அறையில் தங்குகிற பெண்களுக்கு அட்டை வாங்கிக் கொடுப்பாய். அட்டை மழையில் நனையக் கூடாது என்று வெட்டி மிஞ்சிய துணியில் பை தைத்துக் கொடுப்பாய். உன்னைப் பார்த்தாலே நான் சொல்வேன், "வந்துட்டாடா மந்திரி." நீ கோபப்பட மாட்டாய். "மந்திரியா இருந்தா நான் ஏன் உன் கடைக்கு வர்றேன்?" என்பாய்.

அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? விதிகளை மாற்றப் போகிறோம், தொழிலாளிகளின் யோசனையைக் கேட்க வந்திருக்கிறோம் என்று அதிகாரிகள் சிலர் வந்தார்கள். நீ சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். கிளினிக்கை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும், வேலை நாளில் வந்தால் அன்றைய கூலி போய்விடுகிறது என்பது ஒன்று. இன்னொன்று, ஃபாரத்தில் இரண்டாவது பேருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்பது. அதை எழுதும்போது நான் சிரித்தேன். "இதெல்லாம் ஒரு கோரிக்கையாடி?" என்றேன். நீ சிரிக்கவில்லை. நீ எழுந்து நின்று அதைச் சொன்னபோது மேடையில் இருந்தவரும் என்னைப் போலத்தான் சிரித்தார். நல்ல யோசனை, மேலே அனுப்புகிறோம் என்றார். அந்த மேலே எத்தனையாவது மாடி என்று பஸ்ஸில் வரும்போது நீ கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வந்தது. கட்டம் வரவில்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். வராமல் இந்த மடலை முடிக்க முடியாது. உனக்கு நாலு நாளாக வயிற்று வலி, யாரிடமும் சொல்லவில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணி நான் டாக்சியில் வந்து சேர்ந்தபோது காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாய். உங்கள் காப்பீட்டு ஆஸ்பத்திரி தூரம். அவசரத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செலவைப் பிறகு திருப்பித் தருவார்கள் என்று நீதானே புத்தகத்தைப் பார்த்து எல்லாருக்கும் சொல்வாய். பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் பேர் கேட்டார்கள். நீ உனக்கென்று தைத்துக்கொண்ட ஆரஞ்சுப் பை என் கையில்தான் இருந்தது. அட்டை அதற்குள் இருந்தது. பொத்தானைத் திறந்து பார்த்திருக்கலாம். உன் பேரைத் தெரிந்துகொள்ள எனக்கு அட்டை வேண்டுமா என்ன? நாற்பது வருஷமாக வாய் நிறையக் கூப்பிட்ட பேரைச் சொன்னேன். அப்படியே எழுதினார்கள்.

ஊருக்கெல்லாம் ஃபாரம் எழுதுகிறவள் நான். 'அட்டையில உள்ளபடி சொல்லுங்க, வீட்டுப் பேர் வேண்டாம்' என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரை அதட்டுகிறவள்.

பித்தப்பையில் கல், அதில் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். இப்போதைக்குக் குழாய் வைத்துச் சீழை எடுக்கிறோம், உடம்பு தேறியதும் ஒரு மாதத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கட்டிலுக்குக் காசு கேட்கவில்லை. மற்றதெல்லாம் நம் செலவுதான். டாக்டருடைய கையுறையிலிருந்து சலைன் பாட்டில்வரை சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், நான் எதிர்க்கடைக்கு ஓடுவேன். காலையில் வாங்கிய ஊசி மருந்துக்கு மாலையில் வேறு விலை. ஏன் என்று கேட்டால் சரக்கு வரத்து இல்லை என்பார்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்தேன். எல்லாவற்றிலும் நான் சொன்ன அந்தப் பேர்.

நாலாம் நாள் தெளிந்து, தலைக்கு மேலே தொங்கிய படுக்கைச் சீட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாய்.

"அடிப்பாவி! என்னாடி எழுதி வச்சிருக்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ சிரிக்கப் பார்த்தாய், குழாய் வலித்தது. "விடு. ஆஸ்பத்திரியில எனக்கு வீட்டுப் பேரு. நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

நன்றாக இல்லை. ஆஸ்பத்திரியில், பதிவில் ஏறியதை மாற்ற முடியாது என்றார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் கவுன்டர் அம்மா, அவரையும் ஸயாமா என்றுதான் கூப்பிடுவோம், நீ எடுத்துத் தந்த அட்டையையும் ரசீதுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற ஒருத்தரோட காகிதம்மா" என்றார். கெட்ட மனுஷி இல்லை, என்னைவிட நிதானமாகத்தான் பேசினார். இரண்டு பேரும் ஒருத்தியுடையதே என்று குடியிருக்கிற பேட்டையின் அலுவலகக் கடிதம் வேண்டும், தொழிற்சாலையின் கடிதமும் வேண்டும். அது வந்தால் பழைய செலவும் திரும்பும், அடுத்த ஆபரேஷனை உங்கள் ஆஸ்பத்திரியிலேயே செலவில்லாமல் செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் எழுதிப் போட்டேன். அந்த வாரம்தான் தொழிற்சாலை ஆர்டர் இல்லையென்று கதவை மூடியது. நான் மூன்று தடவை போனேன். காவல்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

குழாயை எடுத்து உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் போனில் அழுதாள். பணம் அனுப்புகிறேன், தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்துகொள் என்றாள். நானும் என் வளையலைக் கழற்றி உன் மடியில் போட்டேன். நீ அதை எடுத்து என் கையிலேயே மாட்டிவிட்டாய்.

"அவ அங்க அரை வயித்துக்குச் சாப்பிட்டு அனுப்புற காசுடி. நம்ம காசு இங்க கெடக்குறப்போ அதை ஏன் தொடணும்? இத்தனை வருஷம் கட்டியிருக்கேன். நானே கேக்காம விட்டுட்டா, இந்தப் புள்ளைங்கள்ல எவ போய்க் கேப்பா?"

"நீ உசுரோட இருந்தாத்தான்டி கேக்க முடியும்" என்று கத்தினேன்.

"கடுதாசி வரட்டும். வந்ததும் முத ஆளா போய்ப் படுத்துக்கிறேன்."

அவ்வளவு பிடிவாதம் உனக்கு. உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, தப்புச் செய்தவள் என்பதால் என் குரலுக்குப் பலமில்லாமல் போயிற்று. கடிதம் வாங்கிவிட்டால் என் தப்பு கரைந்துவிடும் என்று நானும் உள்ளூர நம்பினேன். அதனால் உன் கட்டிலருகே இருக்க வேண்டிய நாட்களில் அலுவலக வராந்தாக்களில் நின்றேன். மறுபடி காய்ச்சல் வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நான் பேட்டை அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன்.

பேட்டைக் கடிதம் முதலில் வந்தது; தொழிற்சாலை மறுபடி திறந்து, அதன் கடிதம் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள்தான் வந்தது. அழகாக டைப் அடித்திருந்தார்கள். உன் பர்மியப் பேர், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒற்றை எழுத்து, பிறகு உன் வீட்டுப் பேர். 'என்றும் அழைக்கப்படும்' என்பதற்கு அரசாங்கக் காகிதங்களில் அந்த ஒரே எழுத்துதான். நகல் கடையில் அந்த எழுத்தை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ! உன் காரியத்துக்கு வந்த தொழிற்சாலைப் பெண்கள் முதன்முதலாக உன் தமிழ்ப் பேரைக் கேட்டார்கள். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய செலவைத் திருப்பித் தந்தார்கள். மகள் அதைத் தொட மாட்டேன் என்றாள், நானும் தொடவில்லை. உன் லைன் பெண்களிடம் கொடுத்தோம். இப்போது யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால், கடிதம் வருகிறவரை காத்திருக்காமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அது இருக்கிறது. நீ இருந்தால், 'அவங்க குடுக்க வேண்டியத நாம ஏன்டி குடுக்கணும்?' என்று சண்டைக்கு வருவாய். வா. வந்து சண்டை போடு.

இரண்டாவது கட்டம் இன்னும் ஃபாரத்தில் வரவில்லை. மனுவை வருஷா வருஷம் நகல் எடுத்து அனுப்புகிறேன், நகல் கடைக்காரிக்கு அதிலென்ன கஷ்டம். ஆனால் அந்தக் கவுன்டர் ஸயாமா இப்போது நம்மவர்கள் யார் வந்தாலும், "வீட்டுல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. காலையில் வந்த பெண்ணிடம் நானும் கேட்டேன். அவளுக்கு ஒரே பேர்தான். இருந்தாலும் அட்டையை வெளியே எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத்தான் எழுதினேன்.

உன் ஆரஞ்சுப் பை என் தோள்பையில் இருக்கிறது. பதினாறு முடிந்த பிறகு, அந்தக் கடிதத்தை அதில் வைக்கலாம் என்றுதான் முதல்முறையாகப் பொத்தானைத் திறந்தேன். அட்டைக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு. 'அவசரமானால் இவருக்குச் சொல்லவும்' என்று உன் குண்டுக் குண்டு பர்மிய எழுத்து. அதற்குக் கீழே என் பள்ளிக்கூடப் பேர், அடைப்புக்குறிக்குள் அந்த ஒற்றை எழுத்து, என் வீட்டுப் பேர். கடை இருக்கிற தெரு. என் பள்ளிக்கூடப் பேரை என் புருஷனே தப்பில்லாமல் எழுத மாட்டார். நீ ஓர் எழுத்து பிசகவில்லை.

என் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நாள் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், அந்தச் சீட்டைப் பார்த்து எழுது, அதில் என் பேர் சரியாக இருக்கிறது என்று.